பட்டத்துக்கு ஒரு கேடயமா?

நமது நாட்டில் மூடநம்பிக்கையானது எந்தெந்த ரூபத்தில் வந்து ஜனங்களிடம் காசு பறிக்கும் என்பதற்கு ஓர் அளவே கிடையாது. ஜாதகம், ராசிக்கல், வாஸ்து, தாயத்து ஆகியவைகளோடு இப்போது மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. அதாவது, ஒருவர் தமது குடும்பப் பெயர் இன்னதென்று சொல்லிப் பணத்தையும் கட்டிவிட்டால், அந்தப் பெயருக்கு ஆதிகாலந்தொட்டு உள்ளதென்று ஒரு கேடயமும், அதன்மேல் ஒரு சிங்கமோ கழுகோ, அதன் தலையில் ஒரு கிரீடமும், காலடியில் யாருக்கும் விளங்காத பாஷையில் ஒரு வாக்கியமும் அச்சடித்துக் கண்ணாடி போட்டு வீட்டுக்கே அனுப்பி வைக்கிறார்கள். சட்டையில் வேண்டுமானால் சட்டையில், சாவிக்கொத்தில் வேண்டுமானால் சாவிக்கொத்தில். வெள்ளைக்காரர்களிடம் நெடுநாளாய் நடந்துவரும் இந்த வியாபாரத்தை நம்மவர்களும் கற்றுக்கொண்டு, சிங்கத்துக்குப் பதில் புலியும் மீனும் வில்லும் வாளும் போட்டு, குடும்பப் பெயர் இருக்கிற இடத்தில் ஜாதிப் பட்டத்தைப் போட்டு விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இது எங்கோ பெரிய பட்டணத்துக் கூத்து என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே பெங்களூர் ரஸ்தாவின்மேல் இருக்கிற நமது தண்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே இரண்டு இஞ்சினீரிங் கல்லூரிகளும் ஒரு வைத்தியக் கல்லூரியும் இருக்கின்றன. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்கிறார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்குகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறச் சட்டை, ஒரே கம்பெனி முத்திரை. பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருக்கிறது. ஆனால் அறைக்குப் போய் அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் பாருங்கள்! மணிக்கட்டில் இரண்டு வர்ணக் கயிறு, மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியில் ஒரு புலி, இரண்டு வாள், அதன்கீழ் ஒரு ஜாதிப் பட்டம். ரஸ்தா ஓரத்தில் ஸ்டிக்கர் வெட்டுகிற ஒரு கடையில் சிறிது நேரம் நின்று பார்த்தோம். எந்த ஜாதிக்கு எந்த மிருகம், எந்த நிறம் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தலைகீழ்ப் பாடம். எல்லா ஜாதியாருடைய "ஆண்ட பரம்பரை"யும் ஒரே மெஷினில்தான் வெட்டுப்பட்டு வெளியே வருகிறது! விலையிலும் வித்தியாசம் கிடையாது. அந்த ஓர் இடத்திலாவது சமத்துவம் நிலவுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

முதலாவதாக, இந்தக் கேடயச் சின்னம் என்பது எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் விசாரிப்போம். ஐரோப்பாவில் 12-வது நூற்றாண்டு வாக்கில் இது பரவிற்று. அக்காலத்துக் குதிரை வீரன் தலை முதல் கால் வரை இரும்பை மாட்டிக்கொண்டு, முகத்தையும் இரும்புத் தொப்பியால் மூடிக்கொண்டு சண்டைக்கும் வாள் விளையாட்டுக்கும் போவான். உள்ளே இருப்பது யாரென்று தன் ஆளுக்கும் தெரியாது, எதிரி ஆளுக்கும் தெரியாது. ஆதலால் கேடயத்தில் ஒரு நிறமும் ஒரு மிருகமும் எழுதிக்கொண்டு போனான். அவ்வளவுதான் இதனுடைய மகத்துவம்! இப்போது லாரிக்கு நம்பர் பலகை இருப்பதுபோல அப்போது வீரனுக்குக் கேடயம் இருந்தது. பிற்பாடு சண்டை முறை மாறிற்று, துப்பாக்கி வந்தது, கேடயம் போய்விட்டது, கேடயத்தில் எழுதியிருந்த சிங்கம் மாத்திரம் போகாமல் பிள்ளை, பேரன் என்று தொடர்ந்து வந்து பிரபுக்களின் வீட்டு வாசலிலும் வெள்ளித் தட்டிலும் சாரட்டு வண்டியிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தைக் கவனிப்பதற்கென்றே 1484-ம் வருஷத்தில் மூன்றாம் ரிச்சர்டு ராஜா ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அது இன்றைக்கும் லண்டனில் இருந்து வருகிறது. அந்த ஸ்தாபனத்தார் ஜில்லா ஜில்லாவாகச் சுற்றி, உரிமை இல்லாமல் சின்னம் வைத்திருப்பவர் யார் யார் என்று சோதனை போட்டதெல்லாம் உண்டு. 1530 முதல் 1688 வரை இந்தச் சோதனை நடந்தது. நாடகம் எழுதிய ஷேக்ஸ்பியர் கதை எல்லோருக்கும் தெரிந்ததல்ல. அவருடைய தகப்பனார் கையுறை தைத்து விற்றவர். 1596-ல் அந்தத் தகப்பனார் பேரில் ஒரு கேடயம் வாங்கினார்கள். அதில் ஓர் ஈட்டியை எழுதிக்கொண்டார்கள். ஸ்பியர் என்றால் இங்கிலீஷில் ஈட்டி. 1602-ல் அதே ஸ்தாபனத்து அதிகாரி ஒருவர், தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்து விட்டார்கள் என்று ஒரு ஜாபிதா தயார்செய்து, அதில் ஷேக்ஸ்பியரையும் "கூத்தாடி" என்று சேர்த்தார். உலகமே கொண்டாடுகிற மனிதன் கேடயத்துக்கு லாயக்கில்லை. பாட்டன் அடித்த கொள்ளையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் லாயக்கு! பிறகு 1798-ல் சர்க்காருக்குப் பணமுடை வந்தபோது, சின்னம் வைத்திருப்பவன் வருஷா வருஷம் வரி கட்டவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். அந்த வரி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு நடந்தது. பெருமைக்கு வரி போடுவது எவ்வளவு நல்ல யோசனை! நம்முடைய நிதி மந்திரிகள் இதைக் கவனிக்கலாம்.

இதில் வாசகர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த இங்கிலீஷ் சட்டப்படியே பார்த்தாலும் குடும்பப் பெயருக்கு என்று ஒரு கேடயம் கிடையவே கிடையாது. கேடயம் ஒரு தனி மனிதனுக்குக் கொடுக்கப்படுவது. அவனுடைய நேர் சந்ததியாருக்கு மாத்திரம் பாத்தியதை. ஸ்மித் என்று பெயர் வைத்திருப்பவர்கள் அந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கொல்லுப்பட்டறைக்காரனுக்கு அந்தப் பெயர் வந்தது. எந்த ஊர்க் கொல்லனுக்கும் எந்த ஊர்க் கொல்லனுக்கும் உறவு? ஆகவே "ஸ்மித் குடும்பத்துக் கேடயம்" என்று ஒருவன் விற்றானானால், வேறொருவருடைய கேடயத்தின் படத்தை இவன் தலையில் கட்டுகிறான் என்பதுதான் அர்த்தம். அந்த லண்டன் ஸ்தாபனத்தாரே இதை வெளிப்படையாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சீமையிலேயே பொய்யான சரக்கை நாம் இறக்குமதி செய்திருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நம்முடைய நாட்டுக்கு வருவோம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? தண்டலத்தில் ஒரு கிழவர் முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகன் கோவிந்தன்; அவன் தலைப்பெழுத்து மு. கோவிந்தன் மகன் மூர்த்தி. அவன் தலைப்பெழுத்து கோ. மூர்த்திக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுக்கு மூ. தலைமுறைக்கு ஒரு எழுத்து மாறுகிறபோது, கேடயத்தை எந்த எழுத்துக்கு எழுதுவது? முனுசாமிக்கு எழுதினால் பேரனுக்குச் செல்லாது. பேரனுக்கு எழுதினால் பாட்டன் அந்நியனாகிவிடுவான். தலைமுறைக்கு ஒரு கேடயம் வாங்கவேண்டியதாய் முடியும். வியாபாரிக்கு லாபமே தவிர, ஆதிகாலப் பெருமை எங்கே போயிற்று?

ஆகையினால்தான் இந்த வியாபாரிகளும், இவர்களுக்குப் பின்னால் இருக்கிற ஜாதிச் சங்கக்காரர்களும் என்ன செய்கிறார்கள் என்றால், தலைமுறை தலைமுறையாய் மாறாமல் இருப்பது எது என்று தேடிப் பார்க்கிறார்கள். தமிழன் பெயரில் பாட்டனுக்கும் பேரனுக்கும் மாறாமல் ஒட்டிக்கொண்டிருப்பது ஜாதிப் பட்டம் ஒன்றே. முதலியார், பிள்ளை, நாயக்கர், செட்டியார், ரெட்டியார் முதலியவைகள்தான். ஆதலால் தமிழ்நாட்டில் குடும்பப் பெயருக்குச் சின்னம் என்றால் அது ஜாதிக்குச் சின்னமாகத்தான் முடியும். வேறு விதமாய் முடியாது. இதுதான் இந்த வியாசத்தில் நாம் சொல்ல வந்தது.

சரி, அந்தப் பட்டமாவது ஒரு குடும்பத்தைக் காட்டுகிறதா? முதலியார் என்றால் முதன்மையானவர் என்பது பொருள். தொண்டைமண்டல வேளாளரும் முதலியார் என்கிறார்கள், நெசவு நெய்கிற செங்குந்தரும் முதலியார் என்கிறார்கள், அகம்படியரிலும் முதலியார் உண்டு. ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் கொடுக்கமாட்டார்கள். நாயக்கர் என்றால் இந்தச் செங்கற்பட்டுப் பக்கத்தில் ஒரு வகுப்பார், மதுரைப் பக்கத்தில் தெலுங்கு பேசுகிற வேறொரு வகுப்பார். பிள்ளைப் பட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பத்திரிகை இடங்கொள்ளாது. ராஜாவுக்கும் நவாபுக்கும் கும்பினிக்கும் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு வந்த மரியாதைப் பெயர்களைப் பிற்பாடு ரத்தத்தில் ஊறியவைபோல் ஆக்கிக்கொண்டார்கள். இவற்றிற்கு ஒரு புலியை எழுதிக் கேடயம் வாங்கினால், அந்தப் புலி எந்த முதலியாருடைய புலி?

புலி, மீன், வில் மூன்றும் சோழ, பாண்டிய, சேர அரசர்களுடைய இலச்சினைகள். பல்லவர்களுக்குக் காளை. காஞ்சீபுரத்தை ஆண்ட அந்தப் பல்லவ அரசனுடைய காளைக்கு, இந்தப் பிரதேசத்தில் அவன் ஏரியில் மண் சுமந்த கூலியாளின் பேரனும் பாத்தியதை கொண்டாடுகிறான். ராஜராஜ சோழன் எங்கள் ஜாதிதான் என்று எத்தனை ஜாதியார் உரிமை கொண்டாடுகிறார்கள் என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசனுக்கு ஒரு வம்சம்தான் இருக்கமுடியும். ஆனால் வயலில் உழுதவனும், வெட்டியவனும், வண்ணம் வெளுத்தவனும், கல் உடைத்தவனும் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டுமே, அவர்களுடைய சந்ததியார் எல்லாம் எங்கே போனார்கள்? ஒருவன்கூட "என் பாட்டன் தஞ்சாவூர்க் கோவிலுக்குக் கல் சுமந்தான்" என்று ஒரு கூடையைப் படமாய் எழுதி வண்டியில் ஒட்டிக்கொள்ளக் காணோம். உழைத்த பாட்டனைப் பார்த்து வெட்கம், உதைத்த பாட்டனைப் பார்த்துப் பெருமை! (சர்க்கார் முத்திரையிலேயே கோவில் கோபுரத்தை வைத்திருக்கிற தேசம் இது. அது வேறு வழக்கு, இன்னொரு சமயம் பேசிக்கொள்ளலாம்.)

உண்மையான கேடயச் சின்னம் நமது ராஜாக்களுக்கு எப்படி வந்தது என்கிற கதை இன்னும் வேடிக்கையானது. 1877-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, விக்டோரியா ராணி இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்வதற்காக லிட்டன் பிரபு டில்லியில் ஒரு தர்பார் கூட்டினார். வந்த சுதேச ராஜாக்களுக்கு ஆளுக்கொரு பட்டுக்கொடி கொடுக்கப்பட்டது. அதில் ஐரோப்பியப் பிரபுக்களுக்கு இருப்பதுபோலவே கேடயச் சின்னம். அதைக் கற்பனை செய்தவர் ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர். இந்த ராஜா சூரிய வம்சமா, சரி, ஒரு சூரியன். அந்த ராஜாவின் நாட்டில் மலை இருக்கிறதா, சரி, ஒரு மலை. இப்படியாக ஓர் உத்தியோகஸ்தர் மேஜையின்மேல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததை, ஆதிகாலந்தொட்டு நம் வம்சத்துக்கு வந்த சின்னம் என்று ராஜாக்கள் கும்பிட்டு வாங்கிப் போனார்கள். அந்தக் கொடிகளின் பித்தளைக் கம்பம் எவ்வளவு கனம் என்றால், ஒன்றைத் தூக்க இரண்டு திடகாத்திரமான ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் வேண்டியிருந்தது.

அதே ஜனவரியில் சென்னை மாகாணம் என்ன நிலைமையில் இருந்தது? தாது வருஷப் பஞ்சம்! 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் அந்தப் பஞ்சத்தில் மடிந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். டில்லியில் பட்டுக்கொடி பறந்த அதே மாதத்தில்தான் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு அனுப்பப்பட்டு, பஞ்ச வேலை செய்கிற ஆண் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டுக் கல் உடைக்க வேண்டும். ஆகவே "எங்கள் வம்சத்துக்குக் கொடி உண்டு" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கொடி வந்த வருஷத்தில் ஊரார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

பம்பாயில் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வியாபாரி இருந்தார். சீனாவுக்கு அபின் வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்தவர்; ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதிலிருந்து தாராளமாய்க் கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். 1857-ல், பரம்பரையாய்ப் பிள்ளைக்குப் போகிற 'பேரொனெட்' பட்டம் இவருக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியர்களில் அதைப் பெற்றவர் இவரே முதல். ஆனால் ஒரு சங்கடம் வந்தது. பார்சிகளும் நம்மைப்போலத் தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொள்கிற வழக்கமுடையவர்கள். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். பட்டமோ மாறக்கூடாது. என்ன செய்தார்கள் என்றால், 1860-ல் ஒரு சட்டம் செய்து, பட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு வாரிசும் தன் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்றே பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். மனிதனுக்காகப் பட்டம் என்பது போய், பட்டத்துக்காக மனிதன் தன் பெயரையே தியாகம் செய்யவேண்டியதாயிற்று!

பிரெஞ்சு தேசத்தார் புரட்சி நடத்தியபோது, 1790-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி, பரம்பரைப் பிரபுத்துவத்தையும் பட்டங்களையும் கேடயச் சின்னங்களையும் ஒரே தீர்மானத்தில் ஒழித்தார்கள். பிறகு நெப்போலியன் அவைகளைத் திரும்பக் கொண்டுவந்தான் என்பது வேறு விஷயம். நமது அரசியல் சட்டமும் 18-வது ஷரத்தில் பட்டங்களை ஒழித்திருக்கிறது. 1971-ல் 26-வது திருத்தத்தின் மூலம் ராஜாக்களின் மான்யமும் அந்தஸ்தும் போயிற்று. ஆனால் 18-வது ஷரத்து சர் பட்டத்தையும் ராவ்பகதூர் பட்டத்தையும்தான் தடுக்கிறதே தவிர, பிறப்பினால் பெயருக்குப் பின்னால் தொங்குகிற வாலைத் தொடவில்லை.

அந்த வாலை அறுக்கச் சொன்ன இடம் நமக்கு மிகவும் சமீபத்தில் இருக்கிறது. 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில் செங்கற்பட்டில் முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு W.P.A. என்ற தலைப்பெழுத்துக்களையுடைய சௌந்தரபாண்டியன் அவர்கள் தலைமையில் கூடி, ஜாதியைக் காட்டும் பட்டங்களையும் குறிகளையும் விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்தது. தலைமை வகித்தவரே நாடார் என்ற பட்டத்தை விட்டார். ஈ.வெ.ரா. நாயக்கர் பட்டத்தை அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டார். தண்டலம் அப்போது அந்தச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்தான். இன்றைக்கு இந்தியாவில் வேறு எந்த மாகாணத்துக்குப் போனாலும் பெரிய மனிதர்கள் பெயருக்குப் பின்னால் ஜாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் மாத்திரம் மந்திரிகளும் ஜட்ஜுகளும் டாக்டர்களும் வெறும் பெயரோடு நடமாடுகிறார்கள். இது மழைபோல் தானாகப் பெய்ததல்ல. பெயரில் ஜாதி போய்விட்டதால் மனத்தில் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. பெயரைவிட்டு வெளியேற்றப்பட்ட ஜாதி இப்போது மணிக்கட்டில் கயிறாகவும், பெட்ரோல் டாங்கியில் புலியாகவும் குடியேறியிருக்கிறது. முன்பு வாயிற்படி வழியாய் வந்தது, இப்போது ஜன்னல் வழியாய் வருகிறது.

அந்தக் கயிறு விளையாட்டல்ல. 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனைக் கூடப்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு சர்க்கார் ஜட்ஜ் சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வர்ணக் கயிறும் ஜாதியைக் காட்டும் மோதிரமும் நெற்றிக் குறியும் அணிவதைத் தடுக்க வேண்டுமென்று சிபார்சு செய்திருக்கிறார். உடனே மதத்தில் கை வைக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் கூச்சல் போட்டது.

நாம் அந்தக் கூட்டத்தாரை ஒன்று கேட்கிறோம். ஐரோப்பிய வீரன் முகத்தை இரும்பால் மூடியிருந்தான், ஆளை அடையாளம் தெரியவில்லை, ஆகவே சின்னம் வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் முகத்தைத் திறந்துகொண்டுதானே பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்? பிறக்கும்போதே உயர்வு தாழ்வு ரத்தத்தில் இருக்கிறது என்பது வாஸ்தவமானால், அது முகத்தில் தெரியவேண்டாமா? மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் யாராவது கயிறு கட்டி வித்தியாசம் காட்டுகிறார்களா? ஆட்டையும் மாட்டையும் அறிய ஸ்டிக்கர் வேண்டியிருக்கிறதா? பத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஒரே சட்டை போட்டு நிறுத்தினால், எந்த சாஸ்திரியாலும் யார் என்ன ஜாதி என்று சொல்லமுடியாது. முடியாததனால்தான் கயிறு. அந்தக் கயிறே ஜாதி பொய் என்பதற்கு நேரான சாட்சி.

முன்னே இதைவிடக் கேவலமாயும் இருந்திருக்கிறது. 19-வது நூற்றாண்டின் துவக்கத்தில் இந்த நாட்டைப்பற்றி எழுதிய துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தாம் கண்ணால் பார்த்த ஒரு சண்டையைச் சொல்லியிருக்கிறார். வலங்கை இடங்கைச் சண்டை மும்முரமாயிருந்த காலம். ஒடுக்கப்பட்ட இரண்டு வகுப்பாருக்குள் கலகம். காரணம் என்ன? ஒருவன் ஒரு விசேஷத்துக்குத் தலைப்பாகையில் சிவப்புப் பூச் சொருகிக்கொண்டு வந்துவிட்டான். சிவப்புப் பூ உன் வகுப்பாருக்குப் பாத்தியதை இல்லை என்று மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் பாத்தியதை இல்லை! அதைப் பற்றிச் சண்டை இல்லை, பூவைப் பற்றிச் சண்டை.

இங்கே இரண்டு ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லவேண்டும். ஜாதி வேண்டாமென்கிறவர்கள் ஜாதிச் சர்ட்டிபிகேட் மாத்திரம் ஏன் வாங்குகிறீர்கள் என்பது ஒன்று. இதை நூறு வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புண்ணைக் காட்டி ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குவது வேறு. புண்ணுக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, மேளத்தோடு ஊர்வலம் விடுவது வேறு. சர்ட்டிபிகேட்டு பெட்டிக்குள் இருக்கிறது. வேண்டியபோது தாசில்தாருக்கும் கல்லூரிக்கும் மாத்திரம் காட்டப்படுகிறது. அதை எவனும் வண்டியில் ஒட்டிக்கொண்டு திரியவில்லை.

மற்றொன்று கொஞ்சம் நியாயமுள்ளது. நூற்றாண்டுக் கணக்காய் நல்ல பெயர் வைத்துக்கொள்ளக்கூட விடாமல் அழுத்தப்பட்டவர்கள் இன்றைக்கு ஒரு கொடியைத் தூக்கினால் அதையுமா குறை சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். இதே செங்கற்பட்டு ஜில்லாவில் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1893-ல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தபோது, ஊரார் வசவாகச் சொன்ன பறையன் என்கிற வார்த்தையையே அதற்குப் பெயராக வைத்தார். நாம் அதைக் குறை சொல்லமாட்டோம். கன்னத்தில் அறை வாங்கியவன் தழும்பைக் காட்டுவதும், அறைந்தவன் கையிலிருக்கிற மோதிரத்தைக் காட்டுவதும் ஒன்றாகிவிடாது. ஆனால் நமது பயம் என்னவென்றால், தழும்பைக் காட்டவந்த பிள்ளைக்கும் ஸ்டிக்கர் கடைக்காரர் ஒரு புலியையும் வாளையும் காட்டி, நீயும் ஆண்ட பரம்பரைதான் என்று சொல்லி விற்றுவிடுகிறார். ஆண்ட பரம்பரை என்று ஆகிவிட்டால் பிறகு ஆளப்படுவதற்கு ஒருவன் வேண்டுமே? கீழே தேடத்தான் செய்வான்.

தலைவர்களின் பெயர்களும் இதற்குத் தப்பவில்லை. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததன் பேரில் தென் ஜில்லாக்களில் உயிர்ச்சேதம் வரைக்கும் கலகம் முற்றி, கடைசியில் சர்க்கார் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டார்கள். செங்கை எம்.ஜி.ஆர். ஜில்லா அந்த வருஷத்தில்தான் பிரிந்து காஞ்சீபுரம், திருவள்ளூர் என்று ஊர்ப்பெயரோடு நின்றது. தண்டலத்துக்காரர்களின் விலாசமும் அதோடு மாறிற்று.

பெயருக்காக மானமாய்ச் சண்டை போடவேண்டுமானால் அதற்கும் வழி இருக்கிறது. இந்தப் பிரதேசத்துத் தொழிலாளிகளே காட்டியிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்த சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை நிறுத்தம் செய்து 37 நாள் உட்கார்ந்தார்கள். தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வருகிறது, அது எங்கள் வியாபாரச் சின்னம், அதைச் சேர்க்கக்கூடாது என்று கம்பெனியார் ஆட்சேபித்தார்கள். விஷயம் ஐகோர்ட்டு வரை போய், 2025 ஜனவரியில் அதே பெயரில் சங்கம் பதிவாயிற்று. அந்தப் பெயரில் எவனுடைய பாட்டனும் இல்லை, புலியும் இல்லை, வாளும் இல்லை. தாங்கள் எங்கே வேலை செய்கிறோம் என்பது மாத்திரம் இருக்கிறது. சம்பளமில்லாமல் பந்தலில் கிடந்து வாங்கிய பெயர் அது. ஒரகடத்தில் 2012 முதல் செய்யப்படுகிற பாரத்பென்ஸ் லாரியின் முகப்பில் இருப்பதும் ஒரு குடும்பப் பெயர்தான். காரல் பென்ஸ் என்ற அந்த ஜெர்மானியரின் தகப்பன் ரயில் இஞ்சின் ஓட்டியவர். பிள்ளைக்கு இரண்டு வயதிலேயே இறந்துபோனார். கேடயம் எதையும் விட்டுப்போகவில்லை. பிள்ளை 1886-ல் மோட்டார் வண்டிக்குப் பேடண்ட் வாங்கினான். பெயர் தானாய் வண்டிமேல் ஏறிற்று.

கடைசியாக, பிள்ளைகள் நம்மிடம் வந்து கேட்கிற ஒரு காரியம். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும், வெளிநாட்டுக் கம்பெனிகளின் பாரங்களிலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தமிழனுக்கு அதில் எழுத ஒன்றுமில்லை. 2022 நவம்பரில் அரபு ஐக்கிய நாட்டார், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மாத்திரம் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் விடமாட்டோம் என்று அறிவித்ததில் நம்மவர்கள் பலர் திண்டாடிப் போனார்கள். பிற்பாடு தகப்பன் பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இந்தச் சந்தர்ப்பத்தைப் பார்த்துச் சில தரகர்கள், கட்டத்தைக் காலியாக விடாதே, உன் ஜாதிப் பட்டத்தைப் போட்டுவிடு, பாட்டன் காலத்தில் இருந்ததுதானே என்று யோசனை சொல்லுகிறார்களாம். 1929-ல் செங்கற்பட்டில் அறுத்ததை 2022-ல் துபாய்க்காக ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். ஒட்டவைக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதுங்கள். தாயின் பெயரை எழுதினாலும் தப்பில்லை. பத்து மாதம் சுமந்தவள் அவள்தான். விண்ணப்பம் போடுகிறபோதே எழுதிவிட்டால் ஒரு கஷ்டமும் இல்லை. பாஸ்போர்ட் வந்த பிறகு மாற்றப் போனால் மறுபடியும் புதிதாய் விண்ணப்பம், பணம், நாள் கணக்கில் அலைச்சல், இவ்வளவும் உண்டு.